ஒரு தோல்பை விதை

முதல் மழைக்கு முந்தைய தேய்பிறை
ஆற்றங்கரை ஊர்

தம்பி கோருனுக்கு, உன் அக்கா நாவெத் சொல்லி அனுப்புவது.

மக்கூர் உன் முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்ததும் எழுந்து போய்விடாதே. மலையிலிருந்து கறுத்து மின்னும் கல்லைச் சுமந்து வருகிறவன் வழியில் சொல்லையும் சுமப்பது நம் அம்மா காலத்திலிருந்தே உள்ளதுதான். அவன் வாயில் வருவது என் வார்த்தை. என் முன்னால் மூன்று தரம் ஒப்பிக்க வைத்துத்தான் அனுப்புகிறேன். மூன்றாவது தரம் முடிந்ததும், "போதும் தாயி, நாக்கு தேஞ்சு போச்சு" என்று அழுதான். அதையும் சேர்த்தே சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

போன குளிரில் நீ என் தானியக் குழியின் மூடிக்கல்லைப் பாதி புரட்டியதும், என் புருஷன் தாருக் தடியோடு வந்து நின்றதும், "இனி எனக்கு அக்கா இல்ல" என்று நீ காறித் துப்பிவிட்டுப் போனதும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அதைப் பேச இவனை அனுப்பவில்லை. பேசினால் சண்டைதான் வரும்.

இந்த வருஷம் மான் கூட்டம் பாதிகூட வரவில்லையாமே. நீங்கள் கல்வேலிக்குள் ஓட்டி அடைத்தது ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும் என்றான் மக்கூர். பிஸ்தா மரங்களும் காய்க்கவில்லையாம். உன் மகள் எலூவைப் பற்றிக் கேட்டேன். முதலில் "நல்லாருக்கா" என்றான். முகத்தைப் பார்த்துத் திரும்பக் கேட்டதும், "வயிறு முன்னால வந்துருச்சு தாயி, காலு ரெண்டும் குச்சியாட்டம் இருக்கு" என்றான். அன்றைக்கு எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

வா என்று கூப்பிட்டால் நீ இன்னும் தூரமாகப் போவாய். உன்னைத் தெரியாதா எனக்கு. அதனால்தான் இந்தத் தோல்பை. உள்ளே இருப்பது கோதுமை விதை. தின்பதற்கு இல்லை. தின்றால் உங்கள் கூட்டத்துக்கு இரண்டு வேளை வரும். மண்ணில் போட்டால் வெயில் ஏறும்போது கூடை கூடையாக வரும். நீங்கள் குளிருக்குத் தங்கும் ஊற்றுக்குக் கீழே ஓடை வளைகிறதே, அந்தக் கறுப்பு மண்ணில் போடு. முதல் மழை நனைத்ததும் கம்பால் கீறி, தூவி, காலால் மண்ணைத் தள்ளி மூடு. அதன்பிறகு அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. மண்ணைக் கீறுவது உனக்குக் கஷ்டமில்லை. உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம்.

சின்னப் பையில் இருப்பது வறுத்து அரைத்த மாவு. அது எலூவுக்கு மட்டும். விதை என் பங்கிலிருந்து எடுத்தது. ஊர்க்கூட்டம் கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்.


முதல் மழை நின்ற பிறகு, வளர்பிறை
ஊற்றடி

நாவெத்துக்கு, கோருன்.

நீ பேச வேண்டாம் என்றதை நான் பேசுகிறேன். பேசாமல் என்னால் உன் பையைத் தொட முடியாது.

பசித்தவன் கண்ணில் பட்ட தீனிக்குச் சொந்தக்காரன் கிடையாது. நீயும் நானும் இதைக் கேட்டுத்தானே வளர்ந்தோம்? நான் அடித்த மானில் என்றைக்காவது எனக்கென்று பெரிய துண்டு எடுத்திருக்கிறேனா? அடித்தவன் கடைசியில் எடுப்பான், அதுதானே முறை? போன குளிரில் என் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு உன் வாசலுக்கு வந்தேன். குழி நிறைய வைத்துக்கொண்டு, குழிவாயை மண்ணால் பூசிவிட்டு, அரைக்கூடை மாவைக் கையில் திணித்தாய். "இது விதை, இது விதை" என்று அழுதாய். அழுதுகொண்டே தராமல் இருக்க எங்கே கற்றுக்கொண்டாய்? கூட இருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு அந்தத் தடியால் உன் புருஷன் என்னை நாலு அடி அடித்திருக்கலாம்.

சரி, சொல்லிவிட்டேன். இப்போது நடந்ததைக் கேள்.

உன் பையை நடுவில் வைத்தேன். மக்கூர் உன் சொல்லைச் சொன்னான். ஹெம்தூரைத் தெரியுமே உனக்கு, அதே வாய்தான் இன்னும். "என்னடா இது, தீனியும் அனுப்பி, தின்னாதேன்னு சொல்லும் அனுப்பியிருக்கா உங்கக்கா! அடுத்த தடவ தண்ணிய அனுப்பி, குடிக்காம பாத்துக்கிட்டே இருன்னு சொல்லுவா போல" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, பொய் சொல்வானேன்.

என் பெண்டாட்டி ஸிமா சிரிக்கவில்லை. எலூ அவள் மடியில் கிடந்தாள். "சிரிச்சு முடிச்சாச்சா? இதத் தின்னுட்டு நாளான்னைக்கு என்ன திம்போம்? யாராவது ஒருத்தர் சொல்லுங்க, நானே பிரிச்சுத் தர்றேன்" என்றாள்.

அப்போதுதான் நான் எழுந்து நின்றேன். தின்ன வேண்டாம் என்றேன். எனக்கு முன்னால் பசியோடு உட்கார்ந்திருந்தவர்களிடம் ஒரு பை தீனியைக் கையில் பிடித்துக்கொண்டு, தரமாட்டேன் என்று சொன்னேன். சொல்லும்போது உன் முகம்தான் ஞாபகம் வந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஹெம்தூர் தன் ஆட்களோடு வடக்கே போய்விட்டான். மற்றவர்கள் என் வார்த்தையை நம்பி இருக்கிறார்கள்.

உன் பையை நம் முறைப்படிதான் உள்ளே எடுத்தோம். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஸிமாவே தன் கையால் எல்லாம் செய்தாள். மறுநாள் ஓடை வளைவில் கீறித் தூவி மூடினோம். இப்போது வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நரி என்னைப் பார்த்துவிட்டு, இவனுக்கு என்ன ஆச்சு என்று நின்று பார்த்துவிட்டுப் போனது.

எலூ உன் மாவைத் தின்றாள். விரலை நக்கிவிட்டு "அத்தைகிட்ட இன்னும் இருக்கா?" என்றாள். இருக்கா, அக்கா?


கடுங்குளிர், முழுநிலவு கழிந்து
ஆற்றங்கரை ஊர்

கோருனுக்கு, நாவெத்.

கடைசியில் அக்கா என்றாயாமே. மக்கூரை அதை மட்டும் திரும்பச் சொல்லச் சொன்னேன். "இதுக்குத் தனியா ஒரு கவளம் தரணும்" என்றான். தந்தேன்.

இந்நேரம் முளைத்திருக்கும். முதலில் மெல்லிய புல்லாகத்தான் தெரியும். புல் என்று நினைத்து மிதித்துவிடாதீர்கள். நாய்களைக் கட்டி வையுங்கள். மழை தவறினால் தோலில் தண்ணீர் மொண்டு போய் ஊற்றுங்கள். ஸிமாவிடம் சொல், பச்சையாக இருக்கும்போது எலூ பிடுங்கித் தின்னப் பார்ப்பாள், விடக் கூடாது. நம்மவர்கள் பொறுக்காமல் கெடுத்துக்கொள்வது அங்கேதான்.

நான் சுகமாக இருந்துகொண்டு உனக்கு உபதேசம் செய்கிறேன் என்று நினைக்காதே. விடிந்தால் அரைக்கல்லின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தால் வெயில் தலைக்கு வரும்வரை எழ முடியாது. கால் பெருவிரல் மடங்கி மடங்கி இப்போது நிமிரவே மாட்டேன் என்கிறது. மாவில் கல் கடிபட்டுப் பல் போகிறது. எலி வேறு. பக்கத்து வீட்டுக்காரி இருமினால் இந்த வீட்டிலும் இருமல். உங்களுக்கு ஒருத்தரோடு சண்டை வந்தால் எழுந்து வேறு பக்கம் போய்விடலாம். இங்கே சண்டை போட்டவள் முகத்திலேயே காலையில் விழிக்க வேண்டும்.

எங்கேயும் போய்விட முடியாது, கோருன். என் பிள்ளைகள் இரண்டு பேரையும் இந்த வீட்டுத் தரைக்குள்தான் புதைத்திருக்கிறேன். அவர்கள் மேல்தான் பாய் போட்டுப் படுக்கிறேன். அதைத் தாருக்கிடம்கூட நான் பேசுவதில்லை.

பை விஷயம் ஊர்க்கூட்டத்துக்குத் தெரிந்துவிட்டது. விதை ஊரை விட்டுப் போகக் கூடாது என்பது இங்கே கட்டுப்பாடு. ஆற்றோரத்தில் எனக்கு இருந்த துண்டு மண்ணை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். தாருக் என்னோடு பேசி நாளாகிறது. பரவாயில்லை. உன் ஓடை வளைவில் பயிர் நின்றால் எனக்கு அது போதும்.

நீ அன்றைக்குப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாய் பார், அதேதான் நான் அந்தக் குளிரில் நின்றது. உனக்கு இப்போதாவது புரிந்திருக்கும். புரிந்ததைச் சொல்லிக்காட்ட வேண்டாம், நானும் கேட்கமாட்டேன்.


குளிர் முடியும் நேரம், இளம்பிறை
ஊற்றடி

நாவெத்துக்கு, கோருன்.

ஒன்றும் முளைக்கவில்லை.

மழை பெய்தது. தோலில் மொண்டும் ஊற்றினோம். நாயைக் கட்டினோம். பறவையை விரட்டினோம். எந்தப் புல் தலை நீட்டினாலும் ஸிமா ஓடிப்போய் மண்டியிட்டுப் பார்த்தாள். எல்லாம் வெறும் புல். நேற்று நான் கையாலேயே தோண்டினேன். போட்ட விதை போட்டபடியே கிடந்தது. ஊறி, அழுகி, நாற்றமடித்தது. ஒன்றுகூட, ஒன்றே ஒன்றுகூட வாய் திறக்கவில்லை.

இந்த மண்ணைக் காத்துக்கொண்டு நாங்கள் நகராமல் இருந்தோம். பக்கத்தில் இருந்த முயல், கிழங்கு, நத்தை எல்லாம் தீர்ந்துவிட்டன. தோலை வேகவைத்துத் தின்கிறோம். கிழக்கே காட்டுக்கழுதை தென்பட்டதாகச் சொன்னார்கள். போகலாம் என்று ஆட்கள் கேட்டபோது, பயிரை விட்டுவிட்டா என்று நான்தான் தடுத்தேன். நான்தான்! இப்போது அவர்கள் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

"உங்கக்கா செத்த தானியத்த அனுப்பியிருக்கா. நாம நடக்க முடியாம போய் அவ ஊர்ல போய் விழணும்னு அனுப்பியிருக்கா. அவளுக்கு ஆளு வேணும் அரைக்கிறதுக்கு" என்கிறார்கள். நான் இல்லை என்று சொன்னேன். அப்படிச் சொல்லிவிட்டு இரண்டு நாளாக நானே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ செய்யமாட்டாய். ஆனால் அந்த ஊர் செய்யும். உன் கையில் யாராவது கெட்டதை மாற்றிக் கொடுத்திருந்தால் சொல். சொல்லாமல் இருக்காதே. எலூ இப்போது எழுந்து நடப்பதில்லை. கேட்டால் "கால் தூங்குதுப்பா" என்கிறாள்.


அதே பிறை வளர்வதற்குள்
ஆற்றங்கரை ஊர்

கோருன், மக்கூரை உட்காரக்கூட விடாமல் திருப்பி அனுப்புகிறேன். கவனமாகக் கேள். ஸிமாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேள்.

உனக்கு அனுப்பிய அதே குழி, அதே விதை, இங்கே முழங்கால் உயரம் நிற்கிறது. யாரும் மாற்றவில்லை. என் கையால் அள்ளிப் போட்டேன். அப்படியானால் அங்கே என்னதான் நடந்தது என்று மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் மக்கூரைப் பிடித்துக்கொண்டேன். பை வந்த அன்றைக்கு என்னவெல்லாம் செய்தார்கள், ஒன்று விடாமல் சொல் என்றேன்.

"என்ன செய்வாங்க, எல்லாரும் செய்றதுதான். வேத்து அடுப்புச் சாமான் இல்லையா? கூடையில கொட்டி, பழுக்கக் காஞ்ச கூழாங்கல்லப் போட்டு, நல்லா குலுக்கி நெருப்புக்குக் காட்டிட்டுத்தான் உள்ள எடுத்தாங்க. உங்க தம்பி பொண்டாட்டி கை சிவக்கச் சிவக்கக் குலுக்குச்சு. அதுக்கப்புறந்தான் மண்ணுல போட்டாங்க" என்றான்.

"ஏண்டா பாவி, இத அப்பவே சொல்றதுக்கென்ன?" என்று கத்தினேன். "சொல்லச் சொன்னதத்தான் நான் சொல்லுவேன். நெருப்புக்குக் காட்டுனோம்னு உங்க தம்பி சொல்லச் சொல்லலியே" என்றான். அவனை என்ன சொல்ல.

நெருப்பைக் கண்ட விதை முளைக்காது, கோருன். செத்துவிடும். இங்கே நேற்றுப் பிறந்த பிள்ளைக்கும் இது தெரியும். தெரியும் என்பதாலேயே அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வேற்று அடுப்பிலிருந்து வந்தது எதுவும் நம் நெருப்பைப் பார்க்காமல் பிள்ளை வாய்க்குப் போகக் கூடாது என்று நம் அம்மா ஒரு அத்திப்பழத்தைக்கூடச் சுட்டுத்தானே தந்தாள்! நானும் அந்த அடுப்பில் வளர்ந்தவள்தான். இங்கே வந்தபின் விட்டுப்போயிற்று. விட்டுப்போனதே தெரியாமல் விட்டுப்போயிற்று. என்னை வேற்று அடுப்பாக நீ நினைப்பாய் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

ஸிமாவைத் திட்டாதே. அவள் செய்தது பிள்ளை மேல் உள்ள பாசத்தில். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், எல்லாரும் கிளம்பி வந்துவிடுங்கள். மானம், ரோஷம் எல்லாம் வழியில் எங்கேயாவது போட்டுவிட்டு வா. வர முடியாவிட்டால் எலூவை மட்டுமாவது மக்கூர் முதுகில் ஏற்றி அனுப்பு. நாளைக் கடத்தாதே.


பிறை பாதியானபோது
ஊற்றடி

அக்காவுக்கு, கோருன்.

மக்கூர் சொல்லச் சொல்ல ஸிமா முதலில் சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள். பிறகு தன் இரண்டு உள்ளங்கையையும் பார்த்துக்கொண்டு இருந்தாள். சூட்டுக் கொப்புளம் ஆறின தழும்பு இன்னும் இருக்கிறது. நான் திட்டவில்லை. திட்டினால் தேவலை என்று அவள் நினைப்பது தெரிகிறது.

உன்னைச் சந்தேகப்பட்டேன். அதை மனசில் வைத்துக்கொள்ளாதே.

நான் வரமாட்டேன். ரோஷம் இல்லை, அதெல்லாம் தோலோடு சேர்த்து வெந்துவிட்டது. என் வார்த்தையை நம்பி இங்கே இருந்தவர்களில் நடக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கிடத்திவிட்டு நான் உன் அடுப்பருகே போய் உட்கார முடியுமா? நீ சொல். காட்டுக்கழுதை போன பக்கம் இவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். கிடைத்தால் பிழைப்போம்.

எலூவை அனுப்புகிறேன். மக்கூருக்கு அவள் பாரமே இல்லையாம். கல்லைவிட லேசு என்றான். சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஸிமா தன் மார்போடு கட்டியிருந்த தோலை அவிழ்த்து அவளைச் சுற்றிவிட்டாள்.

ஒன்றை மட்டும் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்கிறேன். உனக்குப் பிள்ளை இல்லை என்பது எனக்குத் தெரியும். நீ மடியில் போட்டுக்கொள்வாய், தலை சீவிவிடுவாய், நன்றாகப் பார்த்துக்கொள்வாய் என்றும் தெரியும். ஆனால் நான் இவளைக் கொடுக்கவில்லை. உன்னிடம் விட்டுவைக்கிறேன். மான் திரும்பும்போது வந்து கூட்டிக்கொண்டு போவேன். தாருக்கிடமும் இதைச் சொல்லிவிடு.


அறுப்பு முடிந்து, வெயில் ஏறிய மாதம்
ஆற்றங்கரை ஊர்

கோருனுக்கு, ஸிமாவுக்கும், நாவெத்.

எலூ இருக்கிறாள். முதலில் அதைக் கேட்டு ஸிமாவை மூச்சுவிடச் சொல்.

வந்த அன்றைக்குக் கஞ்சித் தண்ணீரை விரலால் தொட்டுத் தொட்டுத்தான் வைத்தேன். ராவும் பகலும் தாருக் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். என்னோடு பேசாதவன், "இவ கண்ணத் தொறந்துட்டாடி" என்று என்னைத்தான் முதலில் கூப்பிட்டான். இப்போது ஓடுகிறாள். கல் அரிவாளைத் தூக்கிக்கொண்டு அறுக்கிறவர்கள் பின்னால் போய், சிதறின கதிரைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். அப்பாவுக்கு என்று கொஞ்சம் தனியாக முடிந்து வைத்திருக்கிறாள்.

நீங்களும் பிழைத்தீர்கள் என்று மக்கூர் சொன்னதும்தான் எனக்கு உயிர் வந்தது. எல்லாரும் இல்லை என்றும் சொன்னான்.

இனி சொல்லப்போவது உனக்குப் பிடிக்காது. ஊர்க்கூட்டத்தில் எலூவைப் பற்றிப் பேசினார்கள். பஞ்சத்தில் ஊர்க்குழியில் தின்ற பிள்ளை, வளர்ந்து தன் கையால் அந்தக் குழியை நிரப்பிக் கொடுக்கும்வரை ஊரை விட்டுப் போகக் கூடாது என்று முடிவாகிவிட்டது. "தின்னுட்டுப் போறதுக்கு இது என்ன காடா?" என்று ஒருத்தி கேட்டாள். நீ கொடுக்கவில்லை, விட்டுவைத்தாய் என்று நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாய் வரவில்லை என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். மனசு வரவில்லை. அவள் என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு தூங்குகிறாள், கோருன். எத்தனையோ வருஷமாக இந்த வீட்டில் ஒரு பிள்ளையின் மூச்சு எனக்குக் கேட்டதில்லை.

திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் ஒன்று சொல்கிறேன். என் வீட்டுச் சுவரை ஒட்டி இன்னொரு வீடு கட்ட இடம் இருக்கிறது. ஆள் சேர்ந்தால் மண் கொடுப்பார்கள். நீயும் ஸிமாவும் வந்தால் பிள்ளை உங்கள் பிள்ளை, யாரும் கேட்க முடியாது. அரைக்கல் ஒன்று ஸிமாவுக்காகக் கொத்தச் சொல்லியிருக்கிறேன். வேண்டாம் என்றால் சும்மா கிடக்கட்டும்.


மான் திரும்பிய மாதம், முழுநிலவு
ஆற்றின் அக்கரை

அக்காவுக்கு, கோருன்.

உன் போன சொல்லுக்கு நான் பதில் அனுப்பவில்லை. மான் திரும்பட்டும் என்று இருந்தேன். இந்த வருஷம் திரும்பிவிட்டது. கல்வேலி நிறைந்தது. கொழுப்பு ஒழுக ஒழுகத் தின்றோம். ஸிமா தின்னவில்லை. "நிறைஞ்சாச்சுல்ல, போய்க் கூட்டிட்டு வா" என்றாள்.

அதனால் எலூவைக் கூட்டிக்கொண்டு போக வந்தேன். உன்னிடம் கேட்காமல், உன் கூட்டத்திடம் கேட்காமல், அப்படியே தூக்கிக்கொண்டு போவதற்கு வந்தேன். மறைக்க விரும்பவில்லை. ஸிமாவை அக்கரை நாணலில் உட்கார வைத்துவிட்டு, விடிந்ததும் ஆற்றைக் கடந்து, உங்கள் பயிருக்கு மேல்பக்கமாக வந்தேன்.

ஒரு சின்ன மான் கூட்டம் பயிரோரம் மேய்ந்துகொண்டிருந்தது. எலூ வரப்பில் நின்றிருந்தாள். உயரமாகிவிட்டாள், அக்கா. நீ சொல்லவே இல்லையே. மானைக் கண்டால் மூச்சை அடக்கு, கண்ணைக்கூடச் சிமிட்டாதே என்று நடக்கப் பழகும்போதே சொல்லிக்கொடுத்தேன் அவளுக்கு. அவள் இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டி, "ஓய்! ஓய்! போ!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு மானைத் துரத்தினாள். கல்லெடுத்து எறிந்தாள். என் வாழ்நாளில் மானை வேண்டாம் என்று ஒருவர் விரட்டிப் பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

நான் எழுந்து நின்றேன். பார்த்தாள். உடனே அடையாளம் கண்டுகொண்டாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, முகம் முழுக்கச் சிரிப்பு. நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினேன். அவள் கையை நீட்டித் தடுத்துக் கத்தினாள்.

"அப்பா! அங்கயே நில்லு! பயிர மிதிக்காத! சுத்தி வா!"

நின்றுவிட்டேன். ஒரு காலை உள்ளே வைத்திருந்தேன், எடுத்துவிட்டேன். எங்கே வேண்டுமானாலும் நடந்த கால் இது. முழுப் பயிரையும் சுற்றிக்கொண்டு போனேன். பெரிய பயிர், அக்கா. அந்தப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சுட்ட ஈரல் கொண்டுபோயிருந்தேன், வரப்பில் உட்கார்ந்து தின்றோம். அம்மா எங்கே என்றாள். அக்கரையில் என்றேன். வா, போகலாம் என்றேன்.

"இப்ப எப்டிப்பா வர்றது? நான் வந்துட்டா மான் வந்து தின்னுரும். அறுப்பு முடியட்டும்" என்றாள்.

தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். அதற்குத்தான் வந்தேன். என் இடுப்பு உயரம்கூட இல்லை அவள். கட்டையை எடுத்துக்கொண்டு மறுபடி வரப்பில் ஏறி நின்றாள். நான் வந்த வழியே, சுற்றிக்கொண்டு, திரும்பினேன்.

ஸிமா என் வெறுங்கையைப் பார்த்தாள். "எங்க?" என்றாள். அவளுக்கு வேலை இருக்காம், அறுப்பு முடியட்டுமாம் என்றேன். அடித்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். "அறுப்புன்னா எப்ப?" என்று கேட்டாள். பயிர் மஞ்சளாகும்போது என்றேன். எழுந்து நின்று உங்கள் கரையைப் பார்த்தாள். எல்லாம் பச்சையாக இருந்தது. நாணலை வளைத்துக் கட்டி, நிழலுக்கு ஒரு குடில் செய்ய ஆரம்பித்தாள்.

எங்கள் ஆட்கள் ஆள் அனுப்பினார்கள், வருகிறீர்களா இல்லையா என்று. நான் ஸிமாவைப் பார்த்தேன். அவள் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

நாங்கள் இன்னும் இந்தக் கரையில்தான் இருக்கிறோம், அக்கா. மான் கூட்டம் நேற்றே வடக்கே போய்விட்டது.